தீபாவளி லீவு முடிஞ்சி மில்லு எந்திரிக்கல: பிஎல்சி பேட்டரி பத்தி கொஞ்சம் பேசணும்

நான் மலேசியாவுல தெலுக் இந்தான்ல இருக்கேன், சுத்தி இருக்கிற செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து மில்லுங்க, தோட்ட ஆபிஸ் கட்டடம், குளிர் ரூம்னு கன்ட்ரோல் பேனல் வேலைதான் 19 வருஷமா. இத்தன வருஷத்துல மோட்டர் எரிஞ்சி நின்ன மில்ல விட ஒரு சின்ன பேட்டரியால நின்ன மில்லுதான் என் மனசுல அப்படியே நிக்குது.

தீபாவளிக்கு 4 நாள் லீவு, மில்லு முழுக்க நிறுத்தியாச்சி. அங்க கரண்டு வேலைய பாத்துக்கிற சார்ஜ்மேன் தம்பி நல்ல பொறுப்பான பையன், பிஎல்சில, அதாவது மில்லு மெஷினுங்கள புரோகிராம்படி ஓட்டுற கன்ட்ரோலர்ல, பேட்டரி லைட்டு செவப்பா எரியுறத லீவுக்கு முன்னாடியே பாத்து வச்சிருக்கான். லீவுல எல்லாம் ஆஃப்ல கிடக்கும், அப்ப மாத்துனா பாதுகாப்புனு நெனச்சி, கரண்ட துண்டிக்கிற ஐசொலேட்டர அடைச்சி பூட்டு போட்டு, பழைய பேட்டரிய கழட்டிட்டான். ஸ்டோர்ல இருந்த புதுசுக்கு கனெக்டர் வேற மாதிரி, சரியானதத் தேடி எடுத்துட்டு வர அரை மணி நேரம் ஆயிடிச்சி. போட்டான், மூடினான், வீட்டுக்குப் போயிட்டான். லீவு முடிஞ்சி காலைல எனக்கு போன், "அண்ணே, பேட்டரி புதுசு போட்டுட்டேன், ஆனா எரர் லைட்டு மட்டும் எரியுது, ஒன்னுமே ஓட மாட்டேங்குது."

அவன் செஞ்சதுல தப்பு எங்கன்னு யோசிச்சி பாருங்க. கரண்ட அடைச்சிட்டு கை வைக்கணும்னுதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிறோம், சரியான பழக்கம் அது. ஆனா பழைய கன்ட்ரோலர்ல புரோகிராம் ரேம்ங்கற மெமரில இருக்கும், கரண்டு இருக்கிற வரைக்கும் அது உயிரோட இருக்கும், கரண்டு இல்லாதப்ப அத தாங்கிப் பிடிக்கிறது அந்த பேட்டரி ஒன்னுதான். ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்துட்டா உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்ளோதான். மிட்சுபிஷி கம்பெனியோட எஃப்எக்ஸ்2என் மாடல்ல அந்த அவகாசம் 20 செகண்டு, க்யூ சீரிஸ்ல 3 நிமிஷம், அதுவும் முன்னாடி 10 நிமிஷமாவது பவர் குடுத்து வச்சிருந்தாதான். அரை மணி நேரத்துக்கு எங்க போறது.

புரோகிராம் எழுதிக் குடுத்த கம்பெனி அப்பவே மூடிட்டாங்க. காப்பி யார்கிட்ட இருக்குனு தேடித் தேடி வேலைய விட்டுப்போன ஒரு இஞ்சினியரோட பழைய லேப்டாப்புல கெடச்சிது, ஆனா அது பல வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது, அதுக்கப்பறம் மாத்தின டைமர் எதுவும் அதுல இல்ல. இதுக்குள்ள லோரி லோரியா பழம் வந்து ரேம்ப்புல குவிஞ்சிடிச்சி. தோட்டத்துல பொறந்து வளந்தவங்களுக்குத் தெரியும், குலைய வெட்டினா ஒரு நாளுக்குள்ள ஆவியில போட்டாகணும், நேரம் போகப் போக எண்ணெயில அமிலம் ஏறும், 5 சதவீதத்த தாண்டிட்டா வாங்குறவன் வெலைய கொறைப்பான். அவசரத்துல "வால்வ கையால தொறந்து மூடி ஸ்டெரிலைசர ஓட்டிடலாமே"னு கேட்டாங்க. ஸ்டெரிலைசர்னா குலைய ஆவியில வேக வைக்கிற பெரிய கலன். அந்த வேலைய கையால செஞ்ச பெரியவர் ஒருத்தர் இன்னும் அங்க இருந்தாரு, அவருக்கு அத்துப்படி. ஆனா அந்த மில்லுல உள்ள ஆவி நிக்கிறப்ப கதவ தொறக்க விடாத இன்டர்லாக்கு ஒன்னு புரோகிராம் வழியாத்தான் வருது. உள்ள 40 பிஎஸ்ஐ அழுத்தத்துல ஆவி நிக்கிறப்ப கதவ தொறந்துட்டா முன்னாடி நிக்கிறவன் உயிரோட இருக்க மாட்டான். நான் முடியவே முடியாதுனு சொல்லிட்டேன், கோவிச்சிகிட்டாங்க, பரவால்லனு இருந்துட்டேன். ரெண்டு நாள் ஆச்சி புரோகிராம ஒன்னொன்னா சரிபாத்து ஓட்ட.

நம்ம மில்லுங்கள்ல இந்த ஆபத்து டவுன் ஃபேக்டரிய விட ஜாஸ்தி, காரணம் இருக்கு. டவுன்ல தெனாகா (மின்சாரக் கம்பெனி) கரண்டு எப்பவும் வரும், பேட்டரிக்கு வேலையே இருக்காது. நம்மகிட்ட மில்லு ஓடுறப்ப டர்பைன் கரண்டு, நின்னா ஜென்செட்டு, அதுவும் தொழிலாளிங்க இருக்கிற லைன் வீட்டுக்கும் ஆபிசுக்கும்தான், பேனல் எல்லாம் இருட்டுல கிடக்கும். ஞாயித்துக்கிழம, பெருநாள் லீவு, பழம் இல்லாத மாசம் எல்லாத்துக்கும் பேட்டரிதான் சொமக்குது. போதாததுக்கு பாய்லர் பக்கத்து பேனல் சூடு, ஃபேன் ஃபில்டர்ல நார்த்தூசி அடைச்சி கெடக்கும், சூட்டுல பேட்டரி சீக்கிரம் தேயும். அதனால புக்குல 5 வருஷம்னு போட்டிருந்தாலும் நான் 3 வருஷத்துல மாத்திடுவேன்.

மீட்டர் வச்சி பாத்துட்டு "3.6 காட்டுது, நல்லாதான் இருக்கு"னு சொல்றவங்க நெறைய பேரு. லித்தியம் தயோனைல் வகை பேட்டரி கடைசி வரைக்கும் 3.6 வோல்ட்லயே நின்னுட்டு திடீர்னு விழும், டார்ச்லைட்டு மாதிரி மெல்ல மெல்ல மங்காது, அதனால அந்த ரீடிங்க நம்பாதீங்க, போட்ட தேதிய நம்புங்க. பேட்டரி மேலயே மார்க்கர்ல தேதி எழுதுங்க. ஸ்டோர்ல பல வருஷம் கெடந்ததும் வேணாம், உள்ள ஒரு படலம் புடிச்சிருக்கும், லோடு வந்த உடனே வோல்டேஜ் எறங்கி அப்பறம்தான் ஏறும்.

சரி எப்படித்தான் மாத்துறது? மொதல்ல லேப்டாப்ப மாட்டி புரோகிராம எடுங்க, எடுத்தத கன்ட்ரோலர்ல இருக்கிறதோட கம்பேர் பண்ணி பாருங்க, ரெண்டு எடத்துல வைங்க, ஒன்னு கண்டிப்பா மில்லு ஆபிஸ்ல இருக்கணும். அதுக்கப்பறம்தான் பேட்டரி. புதுசு கையில இருக்கணும், கனெக்டர் ஒத்துப்போகுதானு பாத்திருக்கணும். பவர் ஆன்ல மாத்தலாமா, ஆஃப் பண்ணி இத்தன நிமிஷத்துக்குள்ள மாத்தணுமானு மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல பாருங்க. ஆன்ல மாத்துறதுனா பக்கத்துல 240, 415 வோல்ட் டெர்மினல் தொறந்து கெடக்கும், தெரிஞ்ச ஆளுதான் செய்யணும், கவர் போட்டு மறைச்சிட்டு செய்யணும், ஸ்டெரிலைசர்ல ஆவி நிக்கிறப்ப செய்யவே கூடாது. எஃப்எக்ஸ் வச்சிருக்கிறவங்க எம்8005ங்கற ரிலேய (பேட்டரி வீக்கானா புரோகிராமுக்குள்ள ஆன் ஆகுற சிக்னல்) ஒரு ஆலாரம் லைட்டுக்கு இழுத்து விடுங்க, அப்பதான் ஆபரேட்டர் கண்ணுல படும், கதவுக்குள்ள எரியுற லைட்ட யாரு பாக்குறா.

புது மாடல்ல புரோகிராம் ஃபிளாஷ்ங்கற மெமரில இருக்கு, கரண்டு இல்லனாலும் அது போகாது. ஆனா உள்ள ஓடுற கடிகாரத்தோட மணியும் தேதியும் போகும். சீமென்ஸ் எஸ்7-1200 மாடல் கரண்டு இல்லாம சுமாரா 20 நாள் மணிய வச்சிருக்கும், 40 டிகிரி சூட்டுல 12 நாள். ஆபிஸ் கட்டடத்து ஏர்கான் நடுராத்திரி தானா ஓடுது, வாசல் லைட்டு பகல்ல எரியுதுனு கூப்பிடுவாங்க, போய் பாத்தா தேதி எங்கயோ பல வருஷம் பின்னாடி நிக்கும்.

கழட்டினத பாக்கெட்ல போட்டு வீட்டுக்கு கொண்டு போகாதீங்க, இத மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன். டபுள் ஏ சைசுல இருக்கிறது 3.6 வோல்ட்டு, புள்ளைங்க பொம்மையில போட்டா கெட்டுடும். சார்ஜ் பண்ணவும் கூடாது, வெடிக்கும். காசு மாதிரி இருக்கிற சிஆர்2032 இன்னும் மோசம், சின்னப் புள்ள முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே தொண்டைக் குழாய் வெந்துடும், முழுங்கிச்சோனு சந்தேகம் வந்தாலே நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. பழைய லித்தியம் பேட்டரி நம்ம நாட்டுல 2005 அட்டவணைக் கழிவு விதிமுறையில எஸ்டபிள்யூ 103ங்கற வகை, அதாவது தனியா ஒப்படைக்க வேண்டிய ஆபத்தான கழிவு, பாய்லர்ல தூக்கிப் போடுறதோ குப்பையில போடுறதோ கூடாது. ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி மில்லோட கழிவு ஸ்டோர்ல குடுத்துடுங்க.

அந்த தம்பி இப்பவும் அங்கதான் இருக்கான். போன தைப்பூசத்துக்கு முன்னாடி என்னைய கூப்பிட்டு லேப்டாப்போட வரச் சொன்னான், மில்லு ஓடிகிட்டிருக்கும்போதே காப்பி எடுத்தோம். குலை எல்லாம் எறக்கி ஆவி விட்டப்பறம் பேட்டரிய அவன்தான் மாத்தினான், நான் பக்கத்துல நின்னு மணி பாத்தேன்.