சிறு தொழிலுக்கு முதல் ஆதரவு: உரிய நாளில் பணம்

சிறு தொழில் நடத்துபவர்களின் கணக்குகளைச் சரிபார்ப்பது என் பணி. ஒரு நிறுவனம் மூடப்படும் நிலைக்கு வந்தால், விற்பனை குறைந்திருக்கும் என்றே வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் பல நேரங்களில் விற்பனை இருக்கும், ஏட்டில் லாபமும் இருக்கும், கையில் மட்டும் பணம் இருக்காது. சரக்கு கொடுத்தவருக்கும் வேலையாட்களுக்கும் வாடகைக்கும் குறித்த நாளில் கொடுத்தாக வேண்டியிருக்க, வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய தொகை வாரக்கணக்கில் நிலுவையில் நிற்கும். அந்த இடைவெளியை நிரப்ப அதிக வட்டிக்குக் கடன் வாங்கினால், உழைத்துச் சேர்த்த லாபம் வட்டிக்கே போய்விடும்.

ஆகவே, உள்ளூர்த் தொழில்முனைவோரை எப்படி ஆதரிப்பது என்று கேட்பவர்களிடம், வாங்கியதற்கு உரிய நாளில் பணம் கொடுங்கள் என்பதையே முதலில் சொல்கிறேன். தெரிந்தவர் என்ற உரிமையில் தள்ளுபடி கேட்பதும், பணத்தை அப்புறம் தருவதாகச் சொல்வதும் அன்பின் அடையாளமாகத் தோன்றலாம்; கணக்கேட்டில் முன்னது குறைந்த வருமானமாகவும், பின்னது பல நேரங்களில் வாராக்கடனாகவும் முடிகின்றன. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டு 28 பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை, ரொக்கத்துக்கு மட்டுமே விற்பது என்பதைத் தன் கொள்கைகளில் ஒன்றாக வைத்திருந்தது. அதன் உறுப்பினர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். ஆனால் வாங்குபவர்களும் உரிமையாளர்களும் தாங்களே என்பதால், கடன் விற்பனையின் சுமை கடைசியில் யார் தலையில் விழும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தனிமனிதர்களைவிட நிறுவனங்கள் வைக்கும் நிலுவைதான் பெரிது. இதற்குச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர்கள், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்று இந்தியாவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் கூட்டு வட்டியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு விதி, அரசு அமைப்புகளுக்குப் பொதுவாக 30 நாள் கெடு வைக்கிறது. ஆயினும் அடுத்த ஆர்டர் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில், சிறு தொழில் செய்பவர் இந்த உரிமையைக் கேட்கத் தயங்குகிறார். அவர் கேட்க முடியாததை, பள்ளி, மருத்துவமனை, குடியிருப்போர் சங்கம் ஆகியவற்றின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் கேட்கலாம்: "பில் வந்த நாளிலிருந்து எத்தனை நாளில் நாம் பணம் கொடுக்கிறோம்?" கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இந்தக் கேள்வி ஒருமுறை பதிவானாலே காசோலைகள் வேகமாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

டெண்டர் நிபந்தனைகளையும் அதே குழு படித்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டு அனுபவமும் பெரிய விற்றுமுதலும் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனை, புதியவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஒரே பெரிய ஆர்டரைச் சில சிறு பகுதிகளாகப் பிரித்து, மூலப்பொருளுக்கு மட்டும் முன்பணம் கொடுத்தால், தரத்தில் எந்தச் சமரசமும் இல்லாமல் அவர்களும் போட்டியிட முடியும். தரமில்லாததை இரக்கத்துக்காக வாங்கச் சொல்லவில்லை. குறை இருந்தால் இணையத்தில் எழுதுவதற்கு முன் உரிமையாளரிடமே சொல்வதும், நிறை இருந்தால் அதைக் குறிப்பிட்டு நான்கு பேரிடம் சொல்வதும் செலவில்லாத உதவிகள்.

முதலீடாகப் பணம் கொடுக்க முன்வருபவர்கள், அது கடனா பங்கா என்பதை முதல் நாளிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். எழுத்தில் இல்லாத தொகை, தொழில் லாபம் காட்டினால் பங்கு என்றும் நஷ்டம் காட்டினால் கடன் என்றும் ஒரே மனிதரால் உரிமை கோரப்படுகிறது. அந்த வழக்கு முடிவதற்குள் தொழில் நின்றுவிடும்.