இரைமீட்டல்: மாட்டின் கழுத்தில் ஏறும் உருண்டை

"சத்தி எடுப்பதும் மாடு இரைமீட்பதும் ஒன்றுதானா, சேர்?" என்று சாவகச்சேரியிலிருந்து தரம் 10 மாணவி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. சாப்பிட்டது திரும்பி வருவது இரண்டுக்கும் பொது. ஆனால் சத்தியில் உணவு தள்ளப்படுகிறது, இரைமீட்டலில் இழுபடுகிறது.

சத்தி வரும்போது மூளைத்தண்டு கட்டளையிட, நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள பிரிமென்றகடு என்ற தசைத்தகடும் வயிற்றுத் தசைகளும் இரைப்பையை நசுக்கும். எதுக்களிப்பில் அந்தப் பாடு இல்லை. இரைப்பை வாசலின் தசை வளையம் தளர்ந்தாலே புளித்தது தொண்டைவரை ஏறிவிடும். கைக்குழந்தைக்கு அந்த வளையம் இன்னும் முற்றவில்லை, அதனால்தான் பால் கக்குகிறது. இதை நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. பால் கொடுத்தபின் கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் போதும். பச்சை நிறத்திலோ பீறிட்டோ சத்தி எடுத்தால் உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

சரி, மாட்டுக்கு வருவோம். கிழித்துப் போட்ட பனையோலையை அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டு, பூவரச நிழலில் படுத்திருக்கும் பசுவின் கழுத்தைப் பாருங்கள். மூச்சுக்குழலின் வாயை அடைத்துக்கொண்டே அது மூச்சை உள்ளிழுக்கும். காற்றுப் போக வழியில்லாததால் நெஞ்சறையின் அமுக்கம் குறையும். அதற்குச் சற்று முன்னரே இரைப்பையின் முன்னறை ஒருமுறை மேலதிகமாகச் சுருங்கி, ஊறிய உணவை உணவுக்குழாயின் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கும். ஸ்ட்ரோவில் இளநீர் ஏறுவதுபோல அது உள்ளே இழுபடும். அப்புறம் உணவுக்குழாய் கீழிருந்து மேலாகச் சுருங்கி அதை வாய்க்கு ஏற்றிவிடும். தோலுக்கடியில் அந்த உருண்டை விறுவிறென்று ஓடுவது கண்ணுக்கே தெரியும்! எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வாய்க்கு வந்ததும் தண்ணீரைப் பிழிந்து விழுங்கிவிட்டு, மிஞ்சிய நாரை ஏறக்குறைய ஒரு நிமிடம், 50 தடவை அளவில் மெல்லும். விழுங்கிச் சில விநாடிகளில் அடுத்த உருண்டை. நாளில் 6 முதல் 8 மணித்தியாலம் இதே வேலை. பெரிய பாற்பசுவுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். அப்பச்சோடாவில் இருக்கும் அதே காரம் அதிலும் இருந்து, உள்ளே ஊறும் அமிலத்தைத் தணிக்கும்.

நாங்கள் பழைய நினைவுகளையும் இரைமீட்கிறோம். அவசரத்தில் விழுங்கியதை ஆறுதலாக எடுத்து மெல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது.

கொட்டிலில் மாடு இரைமீட்பதையே நிறுத்திவிட்டால் அதற்கு ஏதோ வருத்தம். வாய் அசைகிறதா என்பதைத்தான் மாடு வளர்ப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள். மிருக வைத்தியரும் அதைத்தான் கேட்பார்.