தற்கட்டுப்பாடு

ஆங்கிலத்தில் 'செல்ஃப் கண்ட்ரோல்' என்பதைப் பலரும் 'தன்னடக்கம்' என்று எழுதுகிறார்கள். வளரிளம் பருவத்தினரின் போதைப் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் இடறுகிறது.

விருது வாங்கியவர் தன் பெருமையைப் பேசாமல் இறங்கினால் தன்னடக்கம் உள்ளவர் என்போம். வகுப்பில் வாய் திறக்காதவன் 'அடக்கமான பையன்'. அதே பையன், இடைவேளையில் நண்பன் நீட்டும் புகையிலைப் பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் உதட்டுக்குள் அதக்கிக்கொள்ளலாம். அவனிடம் அடக்கம் உண்டு, போதைப் பழக்கத்தை ஆராய்பவர் தேடும் பண்பு, தன் ஆசையைத் தானே கட்டுப்படுத்தும் பண்பு, இல்லை.

குறளில் பணிவு, புலனடக்கம் இரண்டும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. 'எல்லார்க்கும் நன்றாம் பணிதல்' என்பது 125ஆம் குறள். 'ஆமைபோல் ஐந்தடக்கல்' என்று புலன்களைச் சொல்வது அடுத்த குறள். இன்றைய பேச்சில் பணிவுதான் மிஞ்சியிருக்கிறது. (பில்லில் 'வரி அடக்கம்', இரங்கல் செய்தியில் 'நல்லடக்கம்' எல்லாம் தனிக்கதை.)

'கண்ட்ரோல்' பழைய கணக்கர் சொல். கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த எதிர்ச்சுருளுக்கு, அதாவது நகல் சுருளுக்கு, இடைக்கால லத்தீனில் 'கான்ட்ராரோட்டுலுஸ்' என்று பெயர். நமக்குக் 'கட்டு' இருக்கிறது: வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காசு சேர்க்கிறோமே, அந்தக் கட்டு. கட்டுப்படு, கட்டுப்பாடு என்று அது வளர்ந்தது. ஊர்க் கட்டுப்பாட்டில் கட்டுவது ஊர். முன்னால் 'தன்' சேர்ந்தால் கட்டுபவரும் கட்டுப்படுபவரும் ஒருவரே. தன்+காப்பு தற்காப்பு ஆவதுபோல் தன்+கட்டுப்பாடு தற்கட்டுப்பாடு. 'சுயகட்டுப்பாடு' பொருளில் பிழையில்லை. 'சுய' மட்டும் வடசொல்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு அளந்தது இந்தப் பண்பைத்தான். முறை வரும்வரை காத்திருக்க முடியாமை, எடுத்த வேலையைப் பாதியில் விடுதல், சட்டென்று பொங்குதல் ஆகியவற்றை 3 முதல் 11 வயதுவரை பெற்றோர், ஆசிரியர் வாயிலாகவும் பதிவுசெய்தார்கள். தற்கட்டுப்பாடு குறைந்த பிள்ளைகளே 15 வயதுக்குள் சிகரெட்டை அதிகம் தொட்டிருந்தார்கள். 32 வயதில் போதைச் சார்பும் அவர்களிடமே கூடுதல். குடும்ப வசதியையும் அறிவுத்திறனையும் கணக்கில் கொண்ட பிறகும் 2011இல் வெளியான முடிவு இதுதான்.

இத்தகைய பிள்ளைகளை 'அடக்கமற்றவர்கள்' என்று எழுதினால் அது வசவாகிவிடும். 'தற்கட்டுப்பாடு குறைந்தவர்கள்' என்றால் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒரு திறனைப் பற்றிப் பேசுகிறோம் என்பது விளங்கும்.