முதல் தொலைநோக்கி வாங்குமுன் ஆடியின் அகலத்தைக் கேளுங்கள்

ஆரம்பநிலைத் தொலைநோக்கிகள் சிலவற்றின் பெட்டியில் "525 மடங்கு பெரிதாக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பெரிய ஏமாற்றம் ஒன்றிலிருந்து தப்பிக்கலாம். குழாயின் அடியில் 76 மி.மீ. அகலமும் 700 மி.மீ. குவியத் தூரமும் (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) உள்ள ஒரு குழியாடி இருக்கும். கூடவே கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ் ஒன்றும் (அதன் குவியத் தூரம் 4 மி.மீ.), பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றும் தருவார்கள். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. அதை மூன்றால் பெருக்கினால் 525. கணக்கில் பிழை இல்லை. ஆனால் 76 மி.மீ. ஆடி 150 மடங்கைத் தாண்டும்போதே திணறத் தொடங்கிவிடும். 525-இல் வைத்தால் சனிக்கோள் மங்கலான ஒரு திட்டாகத்தான் தெரியும்.

ஆடியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் பெருக்கம். ஐபீஸை மாற்றினால் அதுவும் மாறிவிடும். வாங்கிய பிறகு மாற்றவே முடியாதது ஆடியின் அகலம். எவ்வளவு ஒளி சேரும், எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்ற இரண்டும் அதைப் பொறுத்தவை. அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை மி.மீ. ஆடி?" என்பதைத்தான்.

இப்படி லென்ஸுக்குப் பதிலாக ஆடியால் ஒளியைக் குவிக்கும் எதிரொளிப்புத் தொலைநோக்கியை நியூட்டன் 1668-இல் செய்து பார்த்தார். லென்ஸ் வழியாகப் போகும் ஒளி வண்ணங்களாகப் பிரிந்து, பொருளின் ஓரங்களில் நிறச்சாயல் படிகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆடியோ எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி திருப்பி அனுப்பும். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில், மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலத்தில் அவர் ஆடியைத் தேய்த்தெடுத்தார். இன்று உலோகத்துக்குப் பதிலாக, அலுமினியம் பூசிய கண்ணாடி வந்துவிட்டது. அமைப்பு மட்டும் மாறவில்லை. திறந்த வாய் வழியாக நுழையும் ஒளி, குழாயின் அடியிலுள்ள குழியாடியில் பட்டுக் குவிந்தபடி மேலே திரும்பும். வாய்க்கு அருகில் 45 பாகை சாய்த்து வைத்த சிறிய தட்டை ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்பும். அங்கே ஐபீஸில் கண் வைத்துப் பார்க்கிறோம்.

அந்தச் சின்ன ஆடி நடுவில் மறைத்துக்கொண்டு நிற்கிறதே, பிம்பத்தின் நடுவில் ஓட்டை விழாதா என்று பலரும் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஒரு விண்மீனின் ஒளி ஆடியின் முழுப்பரப்பிலும் விழுகிறது. ஆடியின் ஒவ்வொரு பகுதியும் முழுப் பிம்பத்தையே உருவாக்கும். அதனால் நடுப்பகுதி மறைந்தாலும் பிம்பத்தில் எந்த இடமும் காணாமல் போகாது, வெளிச்சம்தான் கொஞ்சம் குறையும். சின்ன ஆடி பெரிய ஆடியின் கால் பங்கு அகலம் என்றால், பரப்பில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 6 விழுக்காடு இழப்பு.

இப்போது அகலத்துக்கு வருவோம். சேரும் ஒளி பரப்பைப் பொறுத்தது என்பதால் அகலம் இரட்டித்தால் ஒளி நான்கு மடங்காகிறது. 76 மி.மீ. ஆடியைவிட 150 மி.மீ. ஆடி ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளியைத் திரட்டும். இருட்டில் நன்றாக விரிந்த கண்பாவை 7 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதைவிட 450 மடங்குக்கும் மேல். அடுத்தது நுணுக்கம். ஒளி அலையாக இருப்பதால் எவ்வளவு சிறந்த ஆடியிலும் விண்மீன் ஒரு புள்ளியாகக் குவியாது, சின்ன வட்டாகத்தான் குவியும். ஆடி அகலமாக ஆக அந்த வட்டு சுருங்கும். 116-ஐ ஆடியின் மி.மீ. அளவால் வகுத்தால், எவ்வளவு நெருங்கிய இரு விண்மீன்களைப் பிரித்துப் பார்க்கலாம் என்பது வில்விநாடிக் கணக்கில் கிடைக்கும். ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி. 76 மி.மீ. ஆடிக்கு இது ஏறத்தாழ 1.5, 150 மி.மீ. ஆடிக்கு 0.8. இந்த எல்லைக்குள் அடங்கிய விவரத்தை எவ்வளவு பெருக்கினாலும் புதிதாக எதுவும் தெரியாது. சின்ன போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் முகம் மங்குமே, அதே கதைதான். ஆடியின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 2 மடங்கு என்பதை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆடியாக இருந்தாலும், காற்றின் கொந்தளிப்பால் பெரும்பாலான இரவுகளில் 200 மடங்குக்கு மேல் போவது கடினம்.

அகலத்துக்கு அடுத்து நான் பார்ப்பது குவிய விகிதம். குவியத் தூரத்தை அகலத்தால் வகுத்தால் வருவது இது. 1200-ஐ 150-ஆல் வகுத்தால் 8. அதை எஃப்/8 என்று எழுதுவார்கள். ஆடியின் வடிவம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது இந்த எண்ணில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு கண்ணாடியைக் கோளத்தின் துண்டு போலத் தேய்ப்பது சுலபம், செலவும் குறைவு. ஆனால் கோள ஆடியில் விளிம்பில் படும் கதிர்கள் நடுவில் படுபவற்றைவிடச் சற்று முன்னதாகவே குவிந்துவிடும். எல்லாக் கதிரும் ஒரே இடத்தில் சேர வேண்டுமானால் பரவளைய வடிவம் வேண்டும். 114 மி.மீ. எஃப்/8 போன்ற நீளமான குழாயில் இரண்டு வடிவத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, கோள ஆடியே போதும். எஃப்/5 போன்ற குட்டைக் குழாயில் பரவளைய ஆடி கட்டாயம் வேண்டும். தயாரிப்புக் குறிப்பில் அதைச் சொல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 114 மி.மீ. அகலம், 1000 மி.மீ. குவியத் தூரம் என்று போட்டிருக்கும், ஆனால் குழாய் அரை மீட்டர்தான் இருக்கும். ஐபீஸ் பக்கவாட்டில் உள்ள சாதாரண நியூட்டன் அமைப்பில் குழாயின் நீளமும் குவியத் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பாதிதான் இருக்கிறது என்றால், ஐபீஸ் செருகும் குழலுக்குள் ஒரு லென்ஸை ஒளித்து வைத்துத் தூரத்தை நீட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த லென்ஸ் உயர்தரமாக இருந்தால் பரவாயில்லை. மலிவான கருவிகளில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. இரண்டு ஆடிகளையும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருத்தும் வேலைக்கும் அது இடைஞ்சல். இந்த வகையை வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

நல்ல ஆடி இருந்தாலும் குழாயைத் தாங்கும் அமைப்பு அசைந்தால் பயனில்லை. 100 மடங்கு பெருக்கத்தில் கைபட்ட அதிர்வும் 100 மடங்காகத் தெரியும். மெல்லிய கால்களில் நிற்கும் மலிவான முக்காலியில் பிம்பத்தைக் குவித்து முடிப்பதே பெரும்பாடு. வானம் சுழலும் மையமான வான்துருவத்தை நோக்கி அமைத்து ஒரே அச்சில் சுழற்றும் ஈக்குவடோரியல் மவுண்ட் என்ற தாங்கி அருமையான அமைப்புதான், ஆனால் அது கனமாக இருக்க வேண்டும், அதற்குச் செலவாகும். குறைந்த செலவில் வழிகாட்டியவர் ஜான் டாப்சன். ராமகிருஷ்ண சங்கத்தின் சான் பிரான்சிஸ்கோ மடத்தில் துறவியாக இருந்தபோது, கப்பல் சன்னல்களின் தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்யத் தொடங்கினார். பின்னர் மடத்தை விட்டு வெளியே வந்து, தெருவோரத்தில் தொலைநோக்கியை வைத்து வழிப்போக்கர்களைக் கூப்பிட்டு நிலவைக் காட்டினார். அவர் பயன்படுத்தியது ஒரு மரப்பெட்டி. பெட்டி தரையில் சுழலும், குழாய் அதில் மேலும் கீழும் சாயும், வழுக்கலுக்கு டெஃப்ளான் துண்டுகள். இன்றைய டாப்சோனியன் தொலைநோக்கிகள் இந்த வழியில் வந்தவைதான். முக்காலிக்குப் போகிற பணம் இதில் ஆடிக்குப் போகிறது.

இதற்கும் ஒரு குறை உண்டு. வானம் நிமிடத்துக்குக் கால் பாகை நகர்கிறது. 120 மடங்கில் சாதாரண ஐபீஸ் வழியாக ஏறத்தாழ 0.4 பாகை வானம் தெரியும். அதைக் குறுக்கே கடக்க ஒரு கோளுக்கு 100 விநாடி போதும். அவ்வப்போது குழாயை விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சீக்கிரமே கை பழகிவிடும்.

அப்படியானால் எதை வாங்கலாம்? இடமும் தூக்கும் தெம்பும் இருந்தால் 150 மி.மீ. எஃப்/8 டாப்சோனியன்தான் என் தேர்வு. அதன் ஆடிகள் நேர் தப்புவது குறைவு, சாதாரண ஐபீஸிலும் ஓரம்வரை ஓரளவு தெளிவாக இருக்கும். 200 மி.மீ. இன்னும் நிறையக் காட்டும். ஆனால் குழாயையும் பெட்டியையும் தனித்தனியாகத் தூக்க வேண்டிவரும் என்பதால் சோம்பல் வந்துவிடும். வீட்டில் இடம் குறைவு என்றால் மேசைமேல் வைக்கும் 130 மி.மீ. எஃப்/5 நல்லது, அதற்கு ஆடாத மேசை ஒன்று வேண்டும். 25, 10 மி.மீ. பிளாசில் வகை ஐபீஸ் இரண்டு, குறிபார்க்கச் சிவப்புப் புள்ளிக் காட்டி ஒன்று இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். ஐபீஸ் செருகும் துளை 1.25 அங்குலம் இருக்கிறதா என்று பாருங்கள். 0.965 அங்குலத் துளை பழைய அளவு, அதற்கு நல்ல ஐபீஸ் கிடைப்பது கடினம்.

என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிலவின் பள்ளங்களும் மலை நிழல்களும் பிரமிக்க வைக்கும். வியாழனின் பட்டைகளும் நான்கு நிலாக்களும், சனியின் வளையமும், வெள்ளியின் பிறையும் நகர வெளிச்சத்திலும் தெரியும். கார்த்திகைக் கூட்டம் குறைந்த பெருக்கத்தில் அழகு. நெபுலாக்களும் (வாயு, தூசி மேகங்கள்) விண்மீன் மண்டலங்களும் (கேலக்சிகள்) படங்களில் பார்த்த வண்ணத்தில் இருக்காது. மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறமறியும் செல்கள் வேலை செய்யாது, அதனால் பெரும்பாலும் சாம்பல் புகையாகத்தான் தெரியும். வானம் வெளிச்சமாக இருந்தால் அதுவும் மறையும். பெரிய ஆடி நெபுலாவோடு சேர்த்து வானத்தின் வெளிச்சத்தையும்தான் கூட்டிக் காட்டும். நல்ல இருட்டைத் தேடிப் போவதைவிட்டால் வேறு வழியில்லை.

சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள். குழாயின் வாயை முழுதாக மூடும், சூரியனுக்கென்றே செய்த வடிகட்டி இல்லாமல் பார்த்தால் நொடியில் கண் போய்விடும். ஐபீஸில் திருகும் "சூரிய வடிகட்டி" பெட்டியில் இருந்தால் உடனே உடைத்து எறிந்துவிடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்துவிடலாம்.

பார்க்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே குழாயை வெளியே வைத்துவிடுங்கள். ஆடி சூடாக இருக்கும்வரை அதிலிருந்து எழும் வெப்பக் காற்று பிம்பத்தை அலைக்கழிக்கும். ஆடிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க, ஒரு பிரகாசமான விண்மீனைக் கொஞ்சம் குவியம் தவற விடுங்கள். ஒரே மையத்தில் வளையங்கள் தெரிந்தால் சரி. ஒரு பக்கமாக ஒதுங்கினால் பெரிய ஆடியின் பின்னாலுள்ள திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஆடியில் தூசி படிந்திருந்தால் துடைக்கத் தோன்றும். விட்டுவிடுங்கள். லேசான தூசி மறைக்கும் ஒளி மிகக் குறைவு, துணி போட்டுத் தேய்த்தால் மெல்லிய அலுமினியப் பூச்சில் கீறல் விழுந்துவிடும். பார்த்து முடித்ததும் குழாயின் வாயை மூடி வைத்தால் ஆடியைக் கழுவும் தேவை பல ஆண்டுகளுக்கு வராது.