தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் வேறு?

இரண்டு ஊர்களுக்கு நடுவே விமானத்தில் போக ஒரு நேரம், திரும்பி வர வேறு நேரம் ஆகிறதே, ஏன்? முதலில் தூரத்தைப் பார்ப்போம். டோக்கியோவில் கிளம்பி நியூயார்க் போகும் விமானம் வழக்கமாக வடக்கே அலாஸ்கா பக்கம் வளைந்துதான் போகும். வரைபடத்தில் பார்த்தால் வேண்டாத சுற்று என்று தோன்றும். குற்றம் வரைபடத்தின் மேல். உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது துருவங்களை ஒட்டிய பகுதி இழுபட்டுப் பெரிதாகிவிடுகிறது. ஒரு பூமி உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், அது தானாகவே வடக்கே நகர்ந்து நிற்கும். அந்த வழிக்குப் பெயர் பெருவட்டப் பாதை. இணையத்தில் விமான நிலையத் தூரம் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இதன் நீளம்தான். இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து, பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டு கணக்கிடுகிறார்கள். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை என்பதால் அரை சதவீதம்வரை பிசகலாம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடுமா? வராது. அந்த 900, சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருக்கிறதே! சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. வலுத்தால் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்துவிட்டார். ஆனால் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார். வெளியுலகில் அதை யார் கவனித்தார்கள்! 1944-இல் ஜப்பான்மீது பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் திணறின.

2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று இதே காற்றின் தயவில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையோடு ஒப்பிட்டால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் ஒலியின் வேகத்தை அது மீறவில்லை, ஏனென்றால் காற்றும் கூடவே ஓடியது.

கிழக்கே பறக்கக் குறைந்த நேரமும் மேற்கே பறக்க அதிக நேரமும் ஆவது பூமி சுழல்வதால்தான் என்று பலர் சொல்வார்கள். அப்படியல்ல. காற்று மண்டலமும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாமே என்றால், அதுவும் முழுசாக நடக்காது. 5,400 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம், காற்றே இல்லையென்றால் போகவர 12 மணி நேரம். இப்போது 100 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது. உடன் வீசும்போது 5 மணி 24 நிமிடம், எதிர்க்கும்போது 6 மணி 45 நிமிடம். கூட்டினால் 9 நிமிடம் நஷ்டம். எதிர்க்காற்றில்தான் நாம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம்.

இதைவிட வேடிக்கை டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானம். 2016-இல் ஏர் இந்தியா அதை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியது, ஆனால் கிழக்கே பறந்ததால் காற்று உடன் வீசியது, பயண நேரமோ குறைந்தது. தலைகீழாக, வான்வெளி மூடப்பட்டால் இரண்டுமே ஏறும். 2022-இல் ரஷ்ய வான்வெளி அடைபட்ட பிறகு, ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து சுமார் 13 மணி நேரமானது.

அப்புறம், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிலையத்தின் வாயிலை (கேட்) விட்டு நகர்வது முதல் இறங்கி வாயிலில் நிற்பதுவரை எல்லாம் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று சில நிமிடங்களையும் சேர்த்தே போடுவார்கள். குளிர்காலத்தில் ஜெட் காற்று வலுப்பதால், ஒரே விமானத்துக்குக் கோடையில் ஒரு நேரம், குளிரில் வேறு நேரம் என்று அட்டவணையே மாறும்.