ஹல்லா: எடுத்துவைத்த மாவின் பெயர்

யூதர்கள் வெள்ளிக்கிழமை மாலை மேசையில் வைக்கும், சடைபோலப் பின்னிய, முட்டை பூசிச் சுட்ட ரொட்டிக்குப் பெயர் ஹல்லா. சமையல் குறிப்புகளில் 'பின்னல் ரொட்டி' என்று பொருள் போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதான். ஆனால் சொல் பிறந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்துத்தான் அதற்குள் பின்னல் வந்தது. அதற்கு முன்பு அது எதைக் குறித்தது என்று தெரிந்துகொண்டால், தமிழில் என்ன சொல்லலாம் என்பதும் தெளிவாகிவிடும். ஜப்பானிய வசந்தச் சுவையில் ஒரு ஹல்லா சுடும் முறையும் இதில் உண்டு.

முதலில் ஒலி. எபிரேயத்தில் இதன் முதலெழுத்து ஹேத். 'எஃகு' என்று சொல்லும்போது ஆய்தம் தொண்டையில் உரசுகிறதே, கிட்டத்தட்ட அந்த ஒலி. ஆய்தம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. 'கல்லா' என்று எழுதினால் கடையில் காசு போடும் பெட்டி ஆகிவிடும். 'சல்லா' என்பது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதிய பிழை, அதை விட்டுவிட வேண்டும். 'ஹல்லா' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. லகரம் இரட்டிப்பது எபிரேயத்திலேயே உள்ளது. பன்மை ஹல்லோத்.

வேர் 'துளைத்தல்' என்ற பொருளுடையது என்று அகராதிகள் சொல்கின்றன. துளையிட்ட ஏதோ ஒரு வகை அடையாக அது தொடங்கியிருக்கலாம். எபிரேய வேதத்தில் இந்தச் சொல் பல இடங்களில் வருகிறது. எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தில் வருவதுதான் முக்கியமானது: இஸ்ரவேலர் கடவுள் தரும் நாட்டுக்குள் வந்து அங்கே விளைந்ததைச் சாப்பிடும்போது, பிசைந்த மாவின் முதற்பங்கை ஒரு ஹல்லாவாக எடுத்துப் படைக்க வேண்டும். அந்தப் பங்கு ஆலயப் பூசை செய்யும் ஆசாரியர்களுக்குப் போனது. அதாவது, வீட்டில் இருக்கும் ரொட்டிக்கு அல்ல, வீட்டை விட்டுப் போகும் பங்குக்குத்தான் இங்கே அந்தப் பெயர்.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டது. அதன் பிறகு காலப்போக்கில், சடங்குத் தூய்மை இல்லாததால் ஆசாரியர்கள் அந்தப் பங்கை உண்பது நின்றுபோனது. ஆனால் மாவிலிருந்து எடுத்துவைக்கும் வழக்கம் நிற்கவில்லை. இன்றைக்கும் பக்தியுள்ள யூத வீடுகளில் மாவு பிசைந்ததும் ஒலிவக்காய் அளவுக்குக் கிள்ளி எடுத்து, ஆசி மொழி சொல்லி, தனியாக எரித்துவிடுகிறார்கள். எவ்வளவு மாவு பிசைந்தால் இந்தக் கடமை வரும் என்பதற்கும் கணக்கு உண்டு. 43 முட்டையும் இன்னொரு முட்டையில் ஐந்தில் ஒரு பங்கும் அடைக்கும் இடம்தான் அந்த அளவு. எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு: ஹேத் 8, லாமேத் 30, ஹே 5. மூன்றையும் கூட்டினால் 43. அளவு அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருப்பதுபோல இருக்கிறது, எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

இனித் தமிழுக்கு வருவோம். ஹல்லாவுக்குத் தமிழில் சொல் தேடுபவர்கள் பலர் கவனிக்காத ஒன்று: தமிழ் வேதாகமம் இதை ஏற்கெனவே மொழிபெயர்த்துவிட்டது. யாத்திராகமம் 29இல் 'எண்ணெயிலே பிசைந்த புளிப்பில்லா அதிரசங்கள்' என்று வரும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது ஹல்லோத். லேவியராகமம் 24இல் ஆலயத்து மேசையில் அடுக்கும் பன்னிரண்டு ஹல்லோத், தமிழில் பன்னிரண்டு 'அப்பங்கள்'. அதிரசமும் அப்பமும் நம் பண்டிகை வீட்டில் படைக்கும் பண்டங்கள். மொழிபெயர்த்தவர்கள் உருவத்தைப் பார்க்கவில்லை, படைக்கும் தன்மையைப் பார்த்திருக்கிறார்கள். நல்ல தேர்வு என்றே சொல்வேன். ஆனால் இன்று 'அதிரசம்' என்றால் வெல்லப்பாகும் அரிசி மாவும்தான் மனசில் வரும், அடுப்பில் சுட்ட ரொட்டிக்கு அதை மறுபடி கொண்டுவர முடியாது.

பின்னல் எப்போது வந்தது? ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில், இடைக்காலத்தின் கடைசியில். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கும் ஓய்வுநாளுக்கான ரொட்டியை ஹல்லா என்று அழைப்பது 15ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவில் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. ஜெர்மனி யூதர்கள் அதே ரொட்டியை 'பெர்ஹெஸ்' என்றார்கள், கிழக்கு ஐரோப்பாவின் இத்திஷ் மொழியில் 'ஹாலெ'. எடுத்துவைத்த சிறு பங்கின் பெயர், மீந்த முழு ரொட்டிக்கும் ஏறிவிட்டது. ஓய்வுநாளில் இரண்டு ரொட்டி வைப்பார்கள், வனாந்தரத்தில் ஆறாம் நாள் இரட்டிப்பாகக் கிடைத்த, வானத்திலிருந்து வந்த உணவான மன்னாவின் நினைவாக. மேலே தூவும் எள்ளும் கசகசாவும் அந்த மன்னாவுக்காகவே. யூதப் புத்தாண்டுக்கு மட்டும் உருண்டையாகச் சுற்றிச் சுடுவார்கள்.

சரி, இதில் ஜப்பானிய வசந்தத்தைச் சேர்த்தால் அது ஹல்லாவாக இருக்குமா? இருக்கும். சொல்லின் உயிர் சுவையில் இல்லை. ஆனால் இரண்டு கட்டுப்பாடு உண்டு. மாவில் வெண்ணெயும் பாலும் கூடாது, எண்ணெய்தான். இறைச்சியோடு பாலைச் சேர்த்து உண்ணாத மேசைக்கு வரும் ரொட்டி இது. ஜப்பானிய இனிப்பு பன்களில் பெரும்பாலும் வெண்ணெயும் பாலும் இருக்கும், அந்த மாவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று நாள். சகுரா என்ற செர்ரிப் பூ தோக்கியோவில் மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பூக்கும். பஸ்கா பண்டிகையும் மார்ச்-ஏப்ரலில்தான் வரும், அந்த நாட்களில் புளித்த மாவே வீட்டில் இருக்கக்கூடாது. எனவே சகுராப் பூ வைத்த ஹல்லாவைப் பஸ்காவுக்கு முன்போ, முடிந்த பிறகு வரும் முதல் ஓய்வுநாளிலோதான் சுட வேண்டும். அந்த ஓய்வுநாளுக்குச் சிலர் சாவி வடிவில் ஹல்லா சுடுவதும் உண்டு.

எந்தச் சுவை வசந்தம்? யுசு என்ற எலுமிச்சை வகைப் பழத்தை வசந்தக் குறிப்புகளில் பலர் போடுகிறார்கள். அது குளிர்காலப் பழம், ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிப்பது ஜப்பானிய வழக்கம். வசந்தம் என்றால் சகுராப் பூ, அஸூகி என்ற, நம் காராமணிக்கு உறவான சிவப்புப் பயறு, நம் மாசிப்பத்திரியின் இனமான யொமொகி இலை. சகுராவைப் பச்சையாக முகர்ந்தால் பெரிதாக மணம் இருக்காது. உப்பில் ஊறவைத்தால்தான் கூமரின் என்ற பொருள் விடுபட்டு, காய்ந்த வைக்கோலும் பாதாமும் கலந்ததுபோல ஒரு மணம் வரும். ரொட்டியும் இந்தப் பூவும் சேர்வது புதிதும் அல்ல. கிமுராயா கடையினர் 1875 ஏப்ரல் 4 அன்று மெய்ஜி பேரரசருக்குக் கொடுத்த பயறு பன்னின் நடுவில் உப்பிட்ட சகுராப் பூதான் இருந்தது.

செய்யும் முறை: மைதா 500 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 60 கிராம், உப்பு 8 கிராம், முட்டை 2, எண்ணெய் 60 மில்லி, தண்ணீர் சுமார் 170 மில்லி. பிசைந்து, இரட்டிப்பாகப் பொங்கியதும் மூன்றாகப் பிரிக்கவும். ஒன்றில் 5 கிராம் யொமொகிப் பொடி, ஒன்றில் பீட்ரூட் சாறு ஒரு கரண்டி, ஒன்று வெறும் மாவு. பச்சை, இளஞ்சிவப்பு, வெள்ளை: சகுராப் பூப் பார்க்கப் போகும்போது ஜப்பானில் சாப்பிடும் மூவண்ண உருண்டைகளின் நிறமே இது. ஒவ்வொன்றையும் நீளமாகத் தட்டி, இனிப்புப் பயறு விழுது 60 கிராம் வைத்து, விளிம்பை அழுத்தி மூடி உருட்டுங்கள். சரியாக மூடாவிட்டால் சூட்டில் வெடித்துவிடும். மூன்றுகால் பின்னலாகப் பின்னி மறுபடி பொங்கவிட்டு, முட்டை பூசி, 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த, உப்பிட்ட சகுராப் பூக்களை மேலே ஒட்டி, 175 டிகிரியில் அரை மணி நேரம் சுடலாம். கடைசிப் பத்து நிமிடம் அலுமினியத் தாளால் மூடினால் நிறம் கருகாது.

இப்போது தமிழ்ச் சொல். பெயராக 'ஹல்லா' இருக்கட்டும். விளக்கமாக 'ஓய்வுநாள் பின்னல் ரொட்டி' என்பேன். இலங்கைத் தமிழில் 'பின்னல் பாண்' இன்னும் அழகாக இருக்கும். பாண் போர்த்துகீசியச் சொல், ஜப்பானியர்கள் ரொட்டியை 'பன்' என்பதும் அதே போர்த்துகீசியர்களிடமிருந்து வந்ததுதான். பின்னலின் ஒவ்வோர் இழைக்கும் 'புரி' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது: முப்புரி ஹல்லா, அறுபுரி ஹல்லா. எடுத்துவைக்கும் பங்கைத் தனியாகச் சொல்ல 'மாப்படையல்' போதும், 'காணிக்கை மாவு' என்றும் எழுதலாம்.

மேலே சொன்ன 500 கிராம் மாவுக்கு மாப்படையல் தேவைப்படாது. சுமார் 1.2 கிலோவிலிருந்துதான் எடுக்கும் வழக்கம், ஆசி மொழியோடு எடுக்க 1.67 கிலோ என்பது பரவலான கணக்கு. ஆசி மொழியோடு எடுக்க வேண்டுமானால் நான்கு மடங்கு பிசைந்து, சாயமும் பொடியும் சேர்ப்பதற்கு முன்பு வெள்ளை மாவிலிருந்து ஒரு துண்டு கிள்ளுங்கள். பின்னல் ரொட்டிக்கு முன்பு இந்தச் சொல் குறித்தது அந்தத் துண்டைத்தான்.