ஒளியின் வேகத்தை இனி யாரும் அளக்க முடியாது

வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு 29,97,92,458 மீட்டர் போகிறது. பள்ளியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று படித்தோமே, அதேதான். இந்த எண்ணில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று இயற்பியலாளர்களைக் கேட்டால், பூஜ்யம் என்பார்கள். அளந்து கிடைத்த எந்த எண்ணையும் அப்படிச் சொல்ல முடியாது. கொஞ்சமாவது கூடக்குறைய இருக்கும்.

1972-இல் இருக்கவும் செய்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கென்னத் ஈவன்சனின் குழு, ஒரு லேசரின் அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் அளந்து பெருக்கிப் பார்த்தது. கிடைத்தது 29,97,92,456.2 மீட்டர், பிழை வரம்பு 1.1 மீட்டர். அப்போது மீட்டர் என்பது கிரிப்டான் அணு உமிழும் ஒரு குறிப்பிட்ட ஒளியின் அலைநீளத்தை வைத்துச் சொல்லப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், பிழை பெரும்பாலும் அந்த மீட்டரிலேயே இருந்தது. அதனால் 1983-இல் எடை, அளவைகளுக்கான பன்னாட்டு மாநாடு கணக்கைத் திருப்பிப் போட்டது: ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் ஒளி கடக்கும் தூரமே மீட்டர். பழைய மீட்டரோடு ஒத்துப்போகும்படி பார்த்துத்தான் இந்த எண்ணை எடுத்தார்கள்.

அதுவரை உலகத்தைப் பற்றிய செய்தியாக இருந்த வாக்கியம், அதன்பின் ‘மீட்டர்’ என்ற சொல்லின் பொருளாலேயே உண்மையாகிவிட்டது. இன்று ஒரு ஆய்வகத்தில் 29,97,92,460 என்று வந்தால், ஒளி வேகம் கூடிவிட்டது என்று யாரும் எழுத மாட்டார்கள். உங்கள் அளவுகோலைச் சரிபாருங்கள் என்பார்கள்.

இப்படிப் பொருளாலேயே உண்மையாகும் வாக்கியங்களைத் தனி வகையாகப் பிரித்தவர் ஜெர்மன் தத்துவவாதி காண்ட், 1781-இல். விதவை எவரும் ஒரு காலத்தில் மணமானவர் என்பதைச் சரிபார்க்க வீடு வீடாகப் போக வேண்டியதில்லை, அல்லவா? இருபதாம் நூற்றாண்டில் கார்னாப் போன்ற தத்துவவாதிகள் கணிதம், தர்க்கம் முழுவதையும் இந்த வகைக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். 1951-இல் அமெரிக்கத் தத்துவவாதி குவைன், இந்தப் பிரிவினையே நிற்காது என்றார். ‘பொருளால் உண்மை’ என்றால் என்ன என்று விளக்க ‘இரு சொற்களுக்கு ஒரே பொருள்’ என்ற கருத்து வேண்டும். அதை விளக்கப் போனால் மறுபடி முதல் கருத்துக்கே வந்து நிற்போம். தவிர, அனுபவம் நெருக்கினால் எந்த வாக்கியத்தையும் நாம் திருத்தத் தயாராவோம், அதில் எதற்கும் விலக்கில்லை என்பது அவர் வாதம்.

இதற்குச் சரியான சாட்சி பாரீஸ் அருகே செவ்ரில் இருக்கிறது. பிளாட்டினம்-இரிடியத்தால் ஆன சிறிய உருளை. ‘இதன் நிறை ஒரு கிலோகிராம்’ என்பது 1889 முதல் பொய்யாகவே முடியாத வாக்கியம், ஏனென்றால் கிலோகிராம் என்றாலே அந்த உருளையின் நிறைதான். நூறு ஆண்டுகளில் அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் விழுந்தது. மாறியது எது? வரையறைப்படி உருளை மாறாது, மற்றதெல்லாம்தான் மாறியிருக்க வேண்டும்! 2019 மே 20 அன்று கிலோகிராமின் வரையறை, குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலிக்குப் போனது. அன்றிலிருந்து அந்த உருளையையும் மற்றப் பொருள்களைப் போல நிறுத்துத்தான் பார்க்க வேண்டும், பிழை வரம்போடு.

ஆனாலும் குவைன் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லைக்கோடு நகர்கிறது என்பதால் கோடே இல்லை என்று ஆகிவிடாது. எந்த ஆண்டில் எது வரையறை, எது அளவீடு என்று அளவியல்காரர்கள் தேதி போட்டுச் சொல்வார்கள். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு: பொருளால் உண்மையான வாக்கியமும் உலகத்தின் தயவில்தான் நிற்கிறது. மீட்டரின் வரையறை, வெற்றிடத்தில் எல்லா ஒளியும் ஒரே வேகத்தில் போகும் என்று நம்பி எழுதப்பட்டது. 2009-இல் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி, 700 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் நடந்த ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது (காமாக் கதிரும் ஒளிதான், ஆற்றல் மிக அதிகம்). ஆற்றலில் பெரும் வேறுபாடுள்ள ஒளித்துகள்கள், அவ்வளவு தூரம் வந்தும் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒருவேளை அவற்றின் வேகங்கள் வேறுவேறு என்று தெரிந்திருந்தால், எந்த ஒளியை வைத்து மீட்டரைச் சொல்வது என்று மாநாடு மறுபடி கூட வேண்டியிருந்திருக்கும்.